காக்கிக்குக் கற்பூரமா?

கல்லுக்குக் கற்பூரம் ஏன் என்று கேட்டோம். கடவுள் பெயர் சொல்லிக் கொழுத்தவர்கள் கண் சிவந்தனர். சாமியாடிக்குச் சாம்பிராணி எதற்கு என்று கேட்டோம். சாத்திரம் அறியாதார் என்று சாடினர். அந்தக் கேள்விகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையிலேயே சிலர், இன்று புதியதொரு திருவுருவின் முன்னே கைகூப்பி நிற்கக் காண்கிறோம். அதன் நிறம் காக்கி. அதன் வாகனம், விளக்குச் சுழலும் வண்டி. கரத்தில் தடி, இடுப்பில் துப்பாக்கி, முகத்தில் முறுக்கிய மீசை. அதன் திருவிளையாடல்களோ திரைப்படக் கொட்டகையில் நாள்தோறும் நான்கு காட்சி! நூறு பேரைத் தனியொருவராகப் பந்தாடுவார். நீதிமன்றம் எதற்கு, நானே நீதி என்று முழங்குவார். கைதட்டலில் கொட்டகை அதிரும். காட்சி முடிந்து வெளியே வரும் இளைஞன், இப்படி ஒருவர் நாட்டை ஆளவந்தால் எப்படி இருக்கும் என்று பெருமூச்சு விடுகிறான்.

பெருமூச்சு விடட்டும், குற்றமில்லை. ஆனால் அதையே அரசியல் கொள்கையாக்கி நம்மிடம் விற்க வரும்போது, வாய்மூடி இருப்பதற்கில்லை.

சேர்வராயன் மலைமீது, கரடியூரில், காப்பித் தோட்டமொன்றில் கணக்கெழுதும் பட்டதாரித் தோழர் ஒருவர் இதை என்னிடம் வாதமாகவே வைத்தார். அவர் திரைப்படக் கதாநாயகனைக் காட்டவில்லை, கெட்டிக்காரர்! வரலாற்றைக் காட்டினார். "மிசோரத்தைப் பாருங்கள் ஆசிரியரே! இந்தியக் காவல் பணியில் இருந்தவர் லால்துஹோமா. வேலையை உதறினார், மாநிலக் கட்சி கண்டார், முதலமைச்சராகவும் ஆகிவிட்டார். நம்மைப் போல் மலையிலே பிறந்தவர்தாம் அவரும். காக்கி போட்டவர் வந்தால்தான் அரசியல் உருப்படும்" என்றார்.

சான்று என்று ஒன்றை ஒருவர் நீட்டினால், அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது பக்தன் வேலை. புரட்டிப் பார்ப்பது பகுத்தறிவாளன் வேலை. புரட்டினேன். என்னே விந்தை! தோழர் கொண்டுவந்த சாட்சி, தோழருக்கு எதிராகவே கூண்டில் ஏறி நிற்கிறது!

லால்துஹோமா 1949-ஆம் ஆண்டு பிறந்தவர். அந்நாளில் மிசோரம் என்றொரு மாநிலம் இல்லை. அசாமின் ஒரு மாவட்டமாக, கேட்பாரற்றுக் கிடந்தது அந்த மலைநாடு. அங்கே மூங்கில் பூப்பது அழகுக் காட்சி அன்று, அபாய அறிவிப்பு. ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுக்கு ஒருமுறை மூங்கில் காடு முழுவதும் பூக்கும், அதன் விதையைத் தின்று எலிகள் பல்கிப் பெருகும், விதை தீர்ந்ததும் வயலிலும் களஞ்சியத்திலும் புகும், பஞ்சம் தலைவிரித்தாடும். மவுதம் என்பார்கள் அதை. பூக்கும் காலம் நெருங்குகிறது என்று மலை முதியோர் கணக்கிட்டனர். 1958-இல் மிசோ மாவட்ட மன்றம் தீர்மானம் போட்டு, முன்னேற்பாடுக்காக 15 இலட்சம் ரூபாய் கேட்டது. மலைவாசியின் மூடநம்பிக்கை என்று அசாம் அரசு அதைத் தள்ளிவிட்டது. 1959-இல் மூங்கில் பூத்தது. எலி வந்தது. பசியும் வந்தது!

பகுத்தறிவு பேசுகிற நாம் இந்த இடத்தில் ஒரு கணம் நிற்கத்தான் வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கண்டு, எண்ணி, நினைவில் வைத்த பட்டறிவு மூடநம்பிக்கை அன்று. ஆராயாமலே அதை ஒதுக்கினாரே மேசைக்குப் பின்னால் அமர்ந்த அதிகாரி, அவருடைய ஆணவம்தான் மூடநம்பிக்கை!

அந்தப் பசியின் வயிற்றில் பிறந்ததுதான் மிசோக்களின் மாநில அரசியல். பஞ்ச நிவாரணத்துக்கென லால்டெங்கா நடத்திய அமைப்பு 1961-இல் மிசோ தேசிய முன்னணியாக உருமாறியது. 1966 பிப்ரவரி 28 அன்று அது ஆயுதம் ஏந்தியது. மார்ச்சு 5 அன்று, ஐசால் நகரின்மீது இந்திய வானூர்திகள் குண்டு வீசின. சொந்தக் குடிமக்கள் வாழும் சொந்த நகரின்மீது! அடுத்த ஆண்டு முதல், சிதறிக் கிடந்த சிற்றூர்களை எரித்து, மக்களைத் திரட்டி, நெடுஞ்சாலை ஓரங்களில் காவலுக்குள் குடியமர்த்தினர். பஞ்சம் வந்தபோது லால்துஹோமாவுக்குப் பத்து வயது. குண்டு விழுந்தபோது பதினேழு.

மலையில் பிறந்தவன் அரசு என்பதை முதலில் எந்த வடிவில் காண்கிறான்? பள்ளிக்கூடமாகவா? மருத்துவமனையாகவா? இல்லை, தோழர்காள்! காக்கிச் சட்டையாகத்தான் காண்கிறான். விறகு ஒடித்தால் வனக்காவலர், வழிமறித்தால் காவலர். மிசோ மலைக்குப் போவானேன்? நம் மலைக்கு அப்பால், தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. சேர்வராயனில் வாழும் அதே மலையாளிக் குடிமக்கள்தாம் அங்கும். 1992 சூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த ஊருக்குள் புகுந்தன. வீடுகள் நொறுங்கின. கிணறுகள் பாழாயின. பதினெட்டுப் பெண்கள் சீருடைக்காரர்களால் சீரழிக்கப்பட்டனர். தாய்மாரும் குழந்தைகளும் சேலம் சிறையில் அடைபட்டனர்.

அதற்கு நீதி கேட்ட கதை, குற்றத்தினும் நெடியது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சியக் கட்சியும் விடாது போராடின. மையப் புலனாய்வுத் துறை விசாரித்தது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்து போயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்றது தீர்ப்பு. ஒருவர்கூட விடுபடவில்லை! 2023-இல், அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்நாளில் மாவட்டத்தின் காவல் கண்காணிப்பாளராகவும் ஆட்சியராகவும் வன அலுவலராகவும் இருந்தவர்கள்மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டது. முப்பத்தோர் ஆண்டு! அன்று பள்ளியில் சேர்ந்த பிள்ளை, தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்குமளவு காலம்.

காக்கி அணிந்தோர் அனைவரும் கயவர் என்று நான் சொல்லவில்லை. நல்லவர் உண்டு, நானே அறிவேன். நான் சொல்வது, சட்டைக்குத் தனியாக ஒரு புனிதம் இல்லை என்பதே. வாச்சாத்திக்குள் புகுந்ததும் அந்தச் சட்டைதான். திரையில் வந்து கைதட்டல் வாங்குவதும் அந்தச் சட்டைதான். மலையில் பிறந்த தோழர் எதை மறந்துவிட்டு எதற்குத் தட்டுகிறார்?

லால்துஹோமாவிடம் திரும்புவோம். குண்டு விழுந்த மண்ணின் பிள்ளை, முதலில் மிசோரத்தின் முதல் முதலமைச்சர் சுங்காவின் அலுவலகத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். மாலைக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1977-இல் இந்தியக் காவல் பணியில் தேறினார். கோவாவில் போதைப்பொருள் கடத்துவோரை வேட்டையாடிப் பெயர் பெற்றார். 1982-இல் தில்லிக்கு அழைக்கப்பட்டார். தலைமையமைச்சர் இந்திரா காந்தியின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றார். வறிய மலைச் சிற்றூரிலிருந்து அரசியின் வாயிற்காவல் வரை! திறமை இல்லாமல் ஏறக்கூடிய படிகள் அல்ல இவை. பாராட்டுவோம்.

1984-இல் பதவி விலகினார். எங்கே போனார்? அரசியின் வாயிலிலிருந்து அரசியின் கட்சிக்கு. அவ்வாண்டுச் சட்டமன்றத் தேர்தலில் நின்றார், மக்கள் தோற்கடித்தனர். தோற்றவரை மாநிலக் காங்கிரசின் தலைவராக்கியது தில்லி. ஆண்டு முடிவில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. மிசோரத்துக்கு இருப்பது ஒரே ஓர் இடம். அந்த இடம் லால்துஹோமாவுக்கு வந்தது, எதிர்ப்பவர் எவருமின்றி! ஒருவர்கூட வாக்களிக்காமல் ஒரு நாட்டின் ஒரே குரலானார் முன்னாள் காவல் அதிகாரி.

காக்கியின் செல்வாக்கு அவருக்குத் தேடித்தந்தது இவ்வளவே, தோழரே. மேலிடத்துக்கு நெருக்கம், மேலிடம் தந்த பதவி, மக்கள் கையால் ஒரு தோல்வி, மக்கள் கை படாத ஒரு வெற்றி. அவருடைய வாழ்வு இத்தோடு நின்றிருக்குமானால், அவரைப் பற்றி எழுத எனக்கு மையும் மிச்சம், தாளும் மிச்சம்.

ஆனால் நிற்கவில்லை. 1986-இல் அவர் காங்கிரசைவிட்டு வெளியேறினார். அவ்வாண்டு சூன் 30 அன்று கையொப்பமான மிசோ உடன்பாட்டை ஒட்டி மலைநாட்டு அரசியல் கொதித்துக் கிடந்த நேரம் அது. சொந்தக் கட்சியின் முதலமைச்சரோடு பூசல், பதவிப் போட்டி, கொள்கை வேறுபாடு எல்லாம் அதில் கலந்திருந்தன. அதைத் தூய தியாகம் என்று நான் சித்திரம் தீட்டப் போவதில்லை. அதற்குப்பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது.

1985-இல் பிறந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் அப்போது புத்தம் புதியது. அரியானாவின் கயாலால் 1967-இல் கட்சிக்குக் கட்சி பந்தாய்ப் பறந்து, 'ஆயாராம் கயாராம்' என்ற வசையையே நாட்டுக்கு வழங்கியதை மறக்கவில்லை நாம். விலைக்குப் போகும் உறுப்பினரைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் சூழ்ச்சியைப் பாருங்கள்! ஒருவர் தாவினால் பதவி போகும். கட்சியின் உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து தாவினால்? அது தாவல் அல்லவாம், பிளவாம்! பதவி போகாதாம்! அன்று மக்களவையில் காங்கிரசுக்கு நானூறு பேருக்கு மேல். மூன்றில் ஒரு பங்கு என்றால் நூற்று முப்பது பேருக்கு மேல். மிசோரத்துக்கு இருப்பவரோ ஒருவர்! உத்தரப்பிரதேசம் பிளக்கலாம், பீகார் பிளக்கலாம்; ஓருறுப்பு நாடு எப்படி மூன்றில் ஒன்றாகப் பிளக்கும்? தம் மக்களுக்காக மாற்று வழி தேட நினைத்தாலும் அவருக்குக் கதவு திறக்காது. ஒற்றை மனிதன் தாண்டினால் குற்றம். மந்தையே தாண்டினால் சட்டம்!

1988 நவம்பர் 24 அன்று லால்துஹோமாவின் பதவி பறிக்கப்பட்டது. அந்தச் சட்டப்படி நாடாளுமன்றத்தில் இருக்கையை இழந்த முதல் மனிதர் அவரே. மூன்றில் ஒன்று என்ற ஓட்டையை 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்தது. மூன்றில் இரண்டு என்ற பெருவாயிலோ இன்றும் திறந்தே கிடக்கிறது. 2019 சூலையில், லால்துஹோமா ஒரு காலத்தில் காவல் புரிந்த அதே கோவாவில், பதினைந்து காங்கிரசு உறுப்பினரில் பத்துப் பேர், எண்ணிப் பாருங்கள், சரியாக மூன்றில் இரண்டு பங்கினர், கைகோத்துக்கொண்டு ஆளுங்கட்சிக்குள் நடந்து போயினர். ஒருவர் பதவியும் போகவில்லை.

பதவி போனது, பட்டையும் இல்லை, படைக்காவலும் இல்லை. காக்கி கொடுத்த கவசம் முழுவதும் கழன்றது. அதற்குப் பின்தான் லால்துஹோமா அரசியலைத் தொடக்கப் பள்ளியிலிருந்து படிக்கத் தொடங்கினார். ஒரு கட்சி, அதன் இணைப்பு, அதிலிருந்து பிரிவு, மீண்டும் ஒரு கட்சி. பின்னர் சோரம் தேசியக் கட்சி என்று ஒன்று, ஓரிரு இடங்களுக்கு மேல் வெல்ல முடியாதது. மிசோரம் 1987-இல் மாநிலமானதிலிருந்து காங்கிரசும் மிசோ தேசிய முன்னணியும் மாறி மாறி ஆண்டன. நடுவிலே நின்று முப்பது ஆண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார் இவர். திரைப்படத்தில் இந்தக் காட்சி வராது. வந்தால் கொட்டகை காலியாகும்!

2017-இல் சிறு கட்சிகளும் குழுக்களும் கூடிச் சோரம் மக்கள் இயக்கத்தைக் கட்டின. 2018 தேர்தலில் அந்த இயக்கம் பதிவு பெற்ற கட்சியாகவில்லை. ஆகவே சுயேச்சைகளாக நின்றனர். லால்துஹோமா இரு தொகுதிகளில் வென்றார். அதில் செர்சிப் தொகுதியில் அவர் வீழ்த்தியது, அன்று முதலமைச்சராக இருந்த லால் தன்ஹாவ்லாவை. 1986-இல் எவரோடு பிணங்கிக் காங்கிரசைவிட்டு வந்தாரோ, அவரையே! இயக்கம் கட்சியாகப் பதிவானதும், சுயேச்சையாக வென்றவர் கட்சியில் சேர்ந்தார் என்று 2020 நவம்பரில் மீண்டும் பதவி பறிபோனது. ஒரே சட்டம், இரண்டாம் அடி. 2021 ஏப்ரலில் இடைத்தேர்தல் வந்தது. செர்சிப் மக்கள் அவரையே திருப்பி அனுப்பினர். 1984-இல் வாக்கே இல்லாமல் தில்லி கொடுத்த பதவிக்கும், 2021-இல் பறித்த பிறகும் மக்கள் எடுத்துக் கொடுத்த பதவிக்கும் இடையிலே உள்ள தொலைவு இருக்கிறதே, அந்தத் தொலைவுதான் லால்துஹோமா.

2023 மார்ச்சில் லுங்லெய் நகரமன்றத்தின் பதினொரு இடங்களையும் அந்த இயக்கம் வாரிக்கொண்டது. டிசம்பர் 4 அன்று சட்டமன்ற வாக்குகள் எண்ணப்பட்டன. நாற்பதில் 27 இடம். முதலமைச்சர் சோரம்தங்காவே தம் தொகுதியில் தோற்றார். டிசம்பர் 8 அன்று லால்துஹோமா பதவியேற்றார். அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு. சீருடையைக் கழற்றி முப்பத்தொன்பது ஆண்டு!

இதைக் காக்கியின் வெற்றி என்கிறாரே தோழர்! காக்கியின் சாயம் கடைசிச் சொட்டு வரை வெளுத்த பிறகு வந்த வெற்றி அல்லவா இது?

"ஒழுங்கு, கட்டுப்பாடு, நிர்வாகப் பயிற்சி, இவையெல்லாம் காவல் அதிகாரியிடம் உண்டே" என்று மறுமொழி வருகிறது. உண்டு. கோப்பு படிக்கத் தெரியும், சட்டம் தெரியும், எங்கே எவன் சுருட்டுவான் என்பதும் தெரியும். ஆனால் அந்த ஒழுங்கின் திசை எது? காவல்துறையில் வணக்கம் கீழிருந்து மேலே போகும், கட்டளை மேலிருந்து கீழே வரும். மக்களாட்சியில் கட்டளையிட வேண்டியவன் கீழே நிற்கும் குடிமகன். அங்கே எதிர்க்கேள்வி கீழ்ப்படியாமை. இங்கே எதிர்க்கேள்விதான் சட்டமன்றம். முன்னதில் இருபது ஆண்டு பழகியவர் பின்னதற்கு வரும்போது, கற்றதில் பாதியை மறந்தாக வேண்டும். மறக்க மறுத்தவர்கள் என்ன ஆனார்கள்?

பஞ்சாபின் சிம்ரன்ஜித் சிங் மானைப் பாருங்கள். அவரும் காவல் பணி அதிகாரி. பொற்கோயிலுக்குள் படை புகுந்ததைக் கண்டித்து 1984-இல் வேலையைத் தூக்கி எறிந்தார், சிறை புகுந்தார், 1989-இல் சிறையிலிருந்தபடியே தர்ன் தாரன் தொகுதியில் வென்றார். வீரம்தான், மறுக்கவில்லை. அப்படி வாக்களித்து அனுப்பிய மக்களின் குரலை அவையில் ஒலித்தாரா? கிர்பான் வாளோடுதான் உள்ளே வருவேன் என்றார், விடவில்லை, 1990-இல் பதவியை விட்டு விலகினார். காக்கியைக் கழற்றியவர் மதத்தை மாட்டிக்கொண்டார்! 2022-இல் மீண்டும் மக்களவைக்கு வந்தபோது, பகத்சிங்கைப் பயங்கரவாதி என்றார். நாத்திகம் பேசித் தூக்குமேடை ஏறிய அந்த இளைஞனின் நூலை ஜீவானந்தம் தமிழாக்க, பெரியார் பதிப்பித்துப் பரப்பிய நாடு இது. நமக்கு எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்!

தமிழகத்துக்கு வருவோம். மயிலாப்பூரில் 2016-இல் ஓய்வுபெற்ற காவல்துறை உயரதிகாரி நட்ராஜ் வென்றார், 2021-இல் தோற்றார். வந்ததும் ஆரவாரமில்லை, போனதும் ஆரவாரமில்லை. அண்ணாமலையின் கதையில்தான் ஆரவாரம் அதிகம். கருநாடகத்தில் காவல் அதிகாரியாக இருந்தவர், 'சிங்கம்' என்று அடைமொழி, 2019-இல் விலகல், 2020-இல் பாரதீய சனதாவில் சேர்க்கை, அடுத்த ஆண்டே மாநிலத் தலைவர்! அரவக்குறிச்சியில் 2021-இல் தோல்வி, கோவையில் 2024-இல் தோல்வி. மக்கள் இருமுறை வேண்டாம் என்றவரைத் தில்லி வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் தில்லியே வேறொருவரை அந்த நாற்காலியில் அமர்த்தியது. நியமிப்பதும் மேலிடம், மாற்றுவதும் மேலிடம். இது கட்சியா, காவல் நிலையமா? இடமாற்ற ஆணைக்குக் காத்திருந்த பழக்கம் இன்னும் விடவில்லை போலும்!

அதனினும் வேடிக்கை ஒன்றுண்டு. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்குக் கொடுமை நேர்ந்தது. நெஞ்சு கொதிக்க வேண்டிய செய்திதான். குற்றப் புலனாய்வு படித்தவர், சட்டம் தெரிந்தவர், முன்னாள் காவல் அதிகாரி என்ன செய்திருக்க வேண்டும்? விசாரணையின் ஓட்டைகளைப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். காவல்துறையைத் திருத்தத் திட்டம் தந்திருக்க வேண்டும். அவரோ 2024 டிசம்பரில் தம் வீட்டு வாசலில் நின்று சாட்டையால் தம்மையே அடித்துக்கொண்டார். செருப்பு அணியமாட்டேன் என்றார். முருகனுக்கு நாற்பத்தெட்டு நாள் நோன்பு என்றார். அலகு குத்திக்கொள்பவனிடம் நாம் கேட்ட அதே கேள்வியை இவரிடமும் கேட்கிறோம். சாட்டையடி விழுந்தது உம் முதுகில். அந்தப் பெண்ணுக்கு அதனால் கிட்டியது என்ன ஐயா?

லால்துஹோமாவைச் சுற்றியும் தூபம் போட நான் வரவில்லை. மிசோ பெருமிதத்துக்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு. 1997-இல் அங்கிருந்து புரு மக்கள் திரிபுராவுக்கு ஓடி, ஆண்டுக்கணக்கில் முகாம்களில் கிடந்தனர். 2020-இல்தான் திரிபுராவிலேயே அவர்களைக் குடியமர்த்த உடன்பாடு ஆயிற்று. தில்லியின் ஆதிக்கத்தை எதிர்ப்பவர், தம்மினும் சிறிய குடியிடம் தாமே தில்லியாகிவிடக் கூடாதல்லவா? அந்தக் கேள்வி அங்கே எந்த முதலமைச்சரின் மேசையிலும் கிடக்க வேண்டிய கேள்வி.

ஆனால் மதிக்க வேண்டியதை மதிப்போம். மியன்மாவில் 2021-இல் படையினர் ஆட்சியைப் பறித்தபோது, உயிர் தப்பி ஓடிவந்த சின் மக்களைத் தடுக்கச் சொன்னது ஒன்றிய அரசு. எங்கள் இரத்தம், எப்படித் துரத்துவோம் என்றது அன்றைய சோரம்தங்கா ஆட்சி. அதே நிலையில் நின்றது பின்வந்த லால்துஹோமா ஆட்சியும். எல்லையில் வேலி போடுவோம், தடையின்றி வந்துபோகும் உரிமையை ஒழிப்போம் என்று 2024-இல் ஒன்றிய அரசு அறிவித்ததும், பிப்ரவரி 28 அன்று மிசோரம் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு காலத்தில் தலைமையமைச்சரின் உயிருக்குக் காவல் நின்றவர், அந்தத் தில்லியின் ஆணைக்கு எதிரான தீர்மானத்தின் பக்கம் நின்றார்! தேர்தல் முறையிலும் நாம் பார்த்துப் படிக்க ஒன்று இருக்கிறது. அங்கே வேட்பாளர்கள் ஒரே மேடையில் ஏறி, மக்கள் முன்னே வரிசையாகப் பேசுகிறார்கள். பதாகைக் காடும் பட்டாசுக் கூச்சலும் விருந்துச் செலவும் குறைவு. அந்தக் கட்டுப்பாட்டை நடத்துவது திருச்சபைகளின் துணையுள்ள மக்கள் மன்றம். மத அமைப்பு செய்ததாயிற்றே என்று நல்லதை மறைக்கும் குறுகிய மனம் நமக்கு வேண்டாம்; மதம் இல்லாமலே அதை நாம் செய்யலாமே!

ஒன்று சொல்லி முடிக்கிறேன். சேலம் மாவட்ட மக்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை மிசோரத்தின் மக்கள்தொகை; 2011 கணக்கில் பதினோரு இலட்சத்துக்குள். அந்தச் சிறு நாடு, அரசியல் சட்டத்தில் 371ஜி என்ற விதியைப் பெற்றிருக்கிறது. மிசோக்களின் வழக்காறு, நிலவுடைமை பற்றி நாடாளுமன்றம் எந்தச் சட்டம் செய்தாலும், அவர்கள் சட்டமன்றம் இசைந்தாலன்றி அங்கே செல்லாது. அதை வாங்கித் தந்தது எந்தக் காவல் அதிகாரியின் மீசையும் அன்று. பசித்து, எரிந்து, இழந்து, விடாது கேட்ட மக்கள். நம் சேர்வராயனுக்கோ, கல்வராயனுக்கோ, சித்தேரிக்கோ என்ன இருக்கிறது? அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பாதுகாப்பில் தமிழ்நாட்டின் ஓர் அங்குல நிலம்கூட இல்லை. 234 தொகுதியில் பழங்குடியினருக்கு என ஒதுக்கியவை ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், உழும் நிலத்துக்கான உரிமைக் கோரிக்கையை ஏற்று ஆராயும் அதிகாரத்தை ஊர்க் கிராமசபையிடம் தந்திருக்கிறது. தோழரே, கரடியூரில் அந்தச் சட்டப்படி எத்தனை பேர் மனுக் கொடுத்தார்கள், எத்தனை பேருக்குப் பட்டா வந்தது, வராதவர்களுக்கு ஏன் வரவில்லை? கணக்கெழுதும் கை உம்முடையது. அடுத்த கிராமசபை கூடும்போது அந்தக் கணக்கோடு வாரும், நானும் வருகிறேன்.